லேக் கார்டன்ஸின் சைவ நண்டு

உப்புநீர் மீன்தொட்டி வைத்துக்கொடுக்கும் தொழிலில், காசு கொடுத்து வாங்கிய மீனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்து இறங்கியவர்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

வீட்டில் இப்படி ஒரு தொட்டி வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கடல்மீன் தொட்டிக்குள் பாறை அடுக்குவோம். வெறும் கல் அல்ல, உயிர்ப்பாறை. வெளிநாட்டுப் பண்ணையில் கடல்நீரில் ஊறப்போட்டு வளர்த்து, ஈரத்தாளில் சுற்றி, உரிய அனுமதியோடு விமானத்தில் வருவது. (நம் கடலில் போய் அள்ளினால் ஜெயில். அந்த யோசனை இருப்பவர்கள் இப்போதே மறந்துவிடுங்கள்.) அதன் பொந்துகளில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அனுப்பியவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. தொட்டி வைத்துக் கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகத் தலையை நீட்டுவார்கள். அப்போது எனக்குப் போன் வரும்.

நான் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழச்சி, படித்தது விலங்கியல். வந்தது யார், வைத்துக்கொள்ளலாமா, விரட்ட வேண்டுமா என்று சொல்வதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதை வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் சுபீர்-தா குழாய், பம்பு, மின்சாரம் எல்லாம் கவனித்துக்கொள்வார். அடையாளம் காண்பதில் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. எதைக் காட்டினாலும், "பாறையை வேகவெச்சிடலாம், திதி" என்பார். (இங்கே திதி என்றால் அக்கா, பெயரோடு ஒட்டும் தா என்றால் அண்ணன்.)

பனியனோடு ஒரு போட்டோ

ஹவுராவில் லேத் பட்டறை நடத்தும் பால் பாபு அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டார். தொட்டிக்குள் பூரான் இருக்கிறதாம். போட்டோ அனுப்பச் சொன்னேன். முதல் போட்டோவில் கண்ணாடியில் பால் பாபுவே பனியனோடு தெரிந்தார். இரண்டாவதில் பிளாஷ் மட்டும் இருந்தது. மூன்றாவதில், பூரான் சற்று முன்பு வரை இருந்த இடம் இருந்தது. சக அவதிக்காரர்களே, இந்த மூன்று போட்டோவையும் நீங்களும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். வேறு வழியில்லாமல் படகு பிடித்து ஆற்றைக் கடந்து நேரில் போனேன்.

அதற்குள் மனுஷர் வெறுங்கையை உள்ளே விட்டுப் பிடித்துப் பார்த்திருந்தார். முள்புழு. அதன் உடம்பின் இரண்டு பக்கமும் கண்ணாடி இழை போல மெல்லிய முட்கள் இருக்கும். தொட்டால் விரலில் ஏறிவிடும். செல்லோடேப்பை விரலில் ஒட்டி ஒட்டி உரித்து முள்ளை எடுத்தேன். பால் பாபு முகம் சுளிக்கவில்லை, இரும்புத் தூளில் பழகிய கை. "இது நல்லது, பாபு. மீன் மிச்சம் வைக்கிற தீனியைத் தின்று தரையைச் சுத்தமா வைக்கும். விளக்கணைச்ச பிறகு வந்து வேலையை முடிச்சிட்டுப் போயிடும். யார் வம்புக்கும் போகாது" என்றேன். அவர் தொட்டியைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ராத்திரி ஷிப்ட், கூலி கேக்காது, யூனியன்ல சேராது. இந்த ஆளை எங்கிருந்து பிடிச்சீங்க? பட்டறைக்கு நாலு பேர் கிடைப்பாங்களா?"

செல்லப்பெயர் விழுந்தால் போச்சு

வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் ஆதார் அட்டைக்கும் ஒன்று, வீட்டில் கூப்பிட 'டாக் நாம்' என்று ஒன்று. கோர்ட்டில் எல்லோரையும் நடுங்கவைக்கும் வக்கீலை வீட்டில் பொட்லா என்று கூப்பிடுவார்கள். தொட்டியில் வந்து இறங்கியவர்களுக்கும் இதே உபசாரம்தான். நான் போய்ச் சேர்வதற்குள் செல்லப்பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அது குடும்பத்தில் ஒரு ஆள். வெளியேற்று என்று நான் சொன்னால், அந்த வீட்டில் எனக்கு டீ கூடக் கிடைக்காது.

கரியாஹாட்டில் புடவைக் கடை வைத்திருக்கும் மிட்டு பௌதி (பௌதி என்றால் அண்ணி) வீட்டுத் தொட்டியில், பாறை ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சின்னப் பூ மாதிரி ஒன்று முளைத்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "பௌதி, இது பூ இல்லை, மிருகம். கடல்சாமந்தி இனத்திலேயே களை. பக்கத்தில் இருக்கறவங்களையெல்லாம் கொட்டும். பிய்த்தெடுத்தால் ஒவ்வொரு துண்டும் புதுசா ஒண்ணாகும். மருந்து வெச்சு இன்னிக்கே முடிச்சிடறேன்" என்றேன். பௌதி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அதற்குப் பூ என்ற அர்த்தத்தில் 'ஃபூலி' என்று பெயர் வைத்தாகிவிட்டதாம். பெயர் வைத்த பெண் குழந்தைக்கு மருந்து வைப்பதா என்று என்னைப் பார்த்த பார்வையில், நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். துர்கா பூஜை முடிந்ததும் அவரே கூப்பிட்டார். தொட்டி முழுக்கப் பழுப்புப் பூ.

"ஃபூலிக்கு ஒரு பேர் வெச்சேன், சரி. இவ்வளவு பேருக்கும் பேருக்கு நான் எங்க போவேன்? வந்து எல்லாத்தையும் எடுத்துடு!"

நிபந்தனை

தெற்குக் கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸ் சங்கரலிங்கம் மாமா வீட்டுக்கு நான் போனது மௌமிதா கூப்பிட்டு. மௌமிதா அவருடைய மருமகள், வங்காளிப் பெண், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். மாமா திருநெல்வேலிச் சைவக் குடும்பம், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டை வைத்த தட்டு இருக்கும் மேஜையில்கூட உட்காரமாட்டார். மகன் குமாருக்கு வேலை பாதி நாள் வெளியூரில். அந்த வீட்டுக்குள் காலடி வைத்த நாளிலிருந்து மௌமிதா மீன் சமைக்கவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளாகவே விட்டுவிட்டாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஹாலில் ஒரு கடல்மீன் தொட்டி. "சாப்பிட இல்லாட்டியும் பார்க்கவாவது ஒரு மீன் வேணும், திதி" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் இல்லாமல் ஒரு வங்காளிப் பெண் என்ன பாடுபடுவாள் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும்.

மாமா மறுக்கவில்லை, நிபந்தனை போட்டார். மீனுக்குப் போடும் உறைந்த இறால் தீனி அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கக்கூடாது. கீழ்வீட்டு பௌதி இடம் கொடுத்தார். அது ஆனது. பாறையிலிருந்து வேண்டாதது எது வந்தாலும் கொல்லக்கூடாது, உயிரோடு பிடித்து நான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் வீட்டில் இதற்கென்றே ஒரு தொட்டி இருக்கிறது, சுபீர்-தா அதை லாக்கப் என்பார். அதுவும் ஆனது. மூன்றாவதைத்தான் மாமா விரலை நீட்டிச் சொன்னார்:

"சீக்கு வந்து செத்தா அது சாவு, யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஒண்ணை ஒண்ணு கொன்னு தின்னா அது கொலை. என் வீட்ல கொலை நடந்திச்சுன்னா அன்னைக்கே தொட்டி வெளிய போயிரும், பாத்துக்கோ."

டப்

ஒரு மாதம் கழித்து மௌமிதா கூப்பிட்டாள். தொட்டிக் கண்ணாடி விரிசல் விடுகிறதாம். அவ்வப்போது 'டப்' என்று சத்தம். நானும் சுபீர்-தாவும் ஓடினோம். அங்கே மாமா டிவியைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டு, தொட்டியைச் சுற்றித் துண்டு, துப்பட்டி, வாளி எல்லாம் பரப்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ள நிவாரணத்துக்குத் தயாராக நின்றார். சுபீர்-தா கண்ணாடியை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டு, விரிசல் இல்லை, பாறையை வேகவைத்துவிடலாம் என்றார்.

எனக்குச் சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இப்படிச் சத்தம் போடும் ஆட்கள் இரண்டு பேர்தான். ஒருவன் ரௌடி, இறால் மாதிரி இருப்பான். கண் இரண்டும் காம்பில் நிற்கும், நத்தை ஓட்டைக் குத்தி உடைப்பான், மீனையும் அடிப்பான். இன்னொருவன் துப்பாக்கி இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், அதைச் சொடுக்கினால் வரும் சத்தம்தான் இது. மற்றபடி தன் வளையைத் தோண்டுவதும் பெருக்குவதுமாகக் கிடப்பான். திரையை இழுத்துவிட்டு, தொட்டி விளக்கை அணைத்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு முழங்கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்தேன். பாறை அடியிலிருந்து ஒரு தலையும் ஒரு கொழுத்த கொடுக்கும் எட்டிப் பார்த்தன. "துப்பாக்கி இறால். சாது" என்றேன். மாமா பூதக்கண்ணாடியோடு குனிவதற்குள் உள்ளே போய்விட்டது. நிமிர்ந்து, வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற குரலில் சொன்னார்:

"அட்ரஸ் ப்ரூஃப் இருக்கு, போட்டோ ஐடி இல்ல. நீ சொல்லுதங்கறதுக்காக இருக்கட்டும், ஆனா இவன் மேல எனக்கு ஒரு கண்ணு உண்டு."

ஜாமீன்

அடுத்த தடவை தண்ணீர் மாற்றப் போனபோது மாமா தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாறை இடுக்கில் கட்டைவிரல் அளவு ஒரு நண்டு, பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முடி. "மாமா, இது ஆகாது. கொடுக்கு நுனியைப் பாருங்க. பாசி தின்கிற நண்டுக்கு நுனி கரண்டி மாதிரி குழிஞ்சிருக்கும், சுரண்டறதுக்கு. இதுக்குக் குறடு மாதிரி கூரா இருக்கு. இது கிழிச்சுத் தின்கிற கை. இப்பவே பிடிச்சிட்டுப் போறேன்" என்றேன்.

"முத்தையாவையா?" என்றார் மாமா.

பெயர் வைத்தாகிவிட்டது! இந்த வியாதி வங்காளிகளோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன், திருநெல்வேலியையும் தொற்றிவிட்டது. மாமா ஒரு நீள இடுக்கியில் கடல்பாசித் தாளைப் பிடித்து நீட்டினார். நண்டு வெளியே வந்து, இரண்டு கையாலும் வாங்கி, நாகரிகமாகத் தின்றது. பிறகு வெந்நீரில் முக்கிய பாலக் கீரை. அதையும் தின்றது. அப்புறம் ஒரு சீவல் சுரைக்காய். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை. "பசிச்சா எதையும் தின்னும், மாமா. கீரை கொடுக்கறீங்க, தின்னுது. அவ்வளவுதான்" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் வலையை எடுத்தபோது மௌமிதா என் கையைப் பிடித்தாள். மாமனாரை அவள் 'பாபா', அப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பாபா இந்த நண்டோட பேசற அளவு வீட்டில் யாரோடயும் பேசி நான் பார்த்ததில்லை, திதி. கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றாள். தொட்டிக்குச் சொந்தக்காரி அவள். வலையை மடித்து வைத்தேன். மாமா வெற்றியோடு சொன்னார்:

"கண்ணு முன்னால கீரை திங்கான், சுரைக்கா திங்கான். இவன் சைவம்மா. இவனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடுதேன்."

காணாமல் போனவர்கள்

முதலில் பாசி தின்னும் நத்தைகளின் ஓடுகள் காலியாகக் கிடந்தன. பிறகு அடித்தரையில் தூங்கும் மஞ்சள் கோபி மீனைக் காணோம். தாவிக் குதித்து வெளியே விழுந்திருக்கும் என்று சோபாவுக்கு அடியில் தேடினார்கள். அதற்குப் பிறகு ஒரு மாலை, மௌமிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், எப்போதும் ஜோடியாகச் சுற்றும் கோமாளி மீன்களில் ஒன்று மட்டும் மூலையில் தனியாக நின்றுகொண்டிருந்தது. இன்னொன்றின் துடுப்பும் கொஞ்சம் வாலும் பாறைக்கடியில் கிடந்தன. நான் போனபோது அவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் அழுதுகொண்டிருந்தாள். இது சீக்கில்லை, கொலை என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மாமா முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். "அந்தச் சத்தம் போடுத பயதான். நான் அன்னைக்கே சொன்னேன். சரி, ஆனது ஆச்சு. சொன்னது சொன்னதுதான். ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரும்மா" என்றார். மௌமிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தண்ணீரின் உப்பைச் சோதித்துப் பார்க்கும் கருவியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போகப்போகிற தொட்டிக்கு உப்புப் பார்க்கிறாள். மாமா மேல் எனக்குக் கோபம் வந்தது.

நத்தை ஓடு ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "ரௌடி உடைச்சிருந்தா ஓடு பொடிப்பொடியா இருக்கும். துப்பாக்கி இறால் ஓட்டைத் தொடவே தொடாது. இதைப் பாருங்க, வாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு எடுத்த மாதிரி இருக்கு. குறடால் செஞ்ச வேலை. உங்க தொட்டியில் குறடு வெச்சிருக்கறது ஒருத்தன்தான், மாமா." அவருக்கு வந்த ஆத்திரத்தில் மூக்குக் கண்ணாடி நழுவியது.

"கீரை திங்கிற வாயி அது! சும்மா பேரக் கெடுக்காத. நிரூபிச்சுக் காட்டு, அப்புறம் பேசு!"

இரண்டு டம்ளர்

நிரூபிப்பது சுலபம். நண்டு பிடிக்க வலையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். உயரமான கண்ணாடி டம்ளருக்குள் தீனியைப் போட்டுப் பாறைமேல் சாய்த்து வைத்தால் போதும். வாசனைக்கு ஏறி உள்ளே இறங்கிவிடும், வழுக்கும் கண்ணாடியில் திரும்பி ஏற முடியாது. நான் கீழ்வீட்டு பௌதியிடம் ஒரு இறால் துண்டு வாங்கிவந்து டம்ளரில் போட்டேன். மாமா தடுத்தார். இது என்ன நியாயம், பட்டினி கிடப்பவனுக்கு இறாலை மட்டும் காட்டினால் பாவம் என்ன செய்வான், விருப்பம் கேட்க வேண்டாமா என்றார். உள்ளே போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து, அதில் கடல்பாசித் தாளைத் தன் கையாலேயே மடித்துப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். எனக்குச் சந்தேகமே இல்லை. நண்டின் பசியில் எனக்கு இருந்த நம்பிக்கை வேறு எதிலும் இருந்ததில்லை.

காலையில் மௌமிதா கூப்பிட்டு, "வாங்க, திதி" என்று மட்டும் சொன்னாள். போனேன். மாமா குளித்து, விபூதி பூசி, தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். காபி ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு டம்ளரில் பாசித்தாள் போட்ட மேனிக்குக் கிடந்தது, ஓரம்கூடக் கலையவில்லை. இன்னொரு டம்ளரின் அடியில் முத்தையா. இறாலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, எங்களைச் சட்டை செய்யாமல், கிழித்துக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. நான் ஜெயித்தேன். ஆனால் மாமா முகத்தைப் பார்த்ததும் 'பார்த்தீர்களா' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் டம்ளரோடு நண்டைத் தூக்கி லாக்கப் வாளிக்குள் விட்டேன். எங்கள் எல்லோரையும்விட மௌமிதாதான் தெளிவாக இருந்தாள். யோசித்து யோசித்து, தன் தமிழில் சொன்னாள்: "பாபா, நீங்க சொன்ன வார்த்தை சொன்னதுதான். கொலை ஆச்சு. தொட்டி போகட்டும். எனக்குக் கோபம் இல்லை." அந்த 'எனக்குக் கோபம் இல்லை' என்னால் தாங்க முடியவில்லை. நான் பம்பு ஒயரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மாமா மூலையில் நின்ற அந்த ஒற்றைக் கோமாளி மீனையே பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்காக நீ விட்டதெல்லாம் போதும்மா, இதையும் விடாத. கையாடல் பண்ணுன பயலையும் அவனுக்கு ஜாமீன் போட்ட மடையனையும் வேணா விசாரி. அதுக்காகப் பிராஞ்சை எவனாவது மூடுவானா?"

தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: நண்டு எப்படிப்பட்டது என்று கொடுக்கு நுனியைப் பார்த்தே சொல்லிவிடலாம், மாமனார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளத்தான் டம்ளர் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.